பிடிக்காதவள்

நாலு பத்துக்கு எழுந்தால்
நாலே காலுக்கு நாகேந்திராவின் கடை.
பெள்ளந்தூரில் எங்கள் கேட்டுக்கு வெளியே,
சாக்கடைக்கும் கரண்ட் பெட்டிக்கும் நடுவே
ஒரு நீலத் தார்ப்பாய்,
சணலில் கட்டித் தொங்கும் லைட்டர்.
புகைக்கக் கூடாதென்ற பலகை கேட்டுக்கு உள்ளே.
அலுவலகம் நடப்பது இங்கே.

பதினோராவது மாடியில் இருப்பவை
நாற்காலிகள் மட்டும்.

யாருக்கு ஜெர்மனி, யாருக்கு நைட் ஷிஃப்ட்,
எவனுடைய அப்ரைசல் எவனால் கெட்டது,
எல்லாம் இரண்டு இழுப்புக்கு நடுவில் முடிவாகும்.
முதல் வருஷம் நான் இறங்கி வரவில்லை.
முதல் வருஷம் எனக்கு எதுவுமே தெரியாது.

இப்போது வருகிறேன்.
இஞ்சி டீ, சர்க்கரை கம்மி.
காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துத்தான் நிற்பேன்.
காற்றுக்கு என் மேல் என்ன கரிசனம்,
சுற்றிச் சுற்றி வரும்.

மேனேஜர் பிரஜ்வல் நல்லவர்.
ஊதும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார்.
கையை வீசிப் புகையை விரட்டுவார்,
உலர்த்திய நெல்லில் கோழி விரட்டுவதுபோல.
இரண்டடி போய்த் திரும்பி வரும்,
அதுவும் கோழியைப்போலவே.

"இழுக்கறவனுக்குத்தான் கெடுதல், சுகிர்தா.
உனக்கென்ன?
அதுவும் இதுல ஃபில்டர் இருக்கு."
ஃபில்டர் அவர் வாய்ப் பக்கம் இருந்தது.

"சில்க் போர்டு சிக்னல்ல அரைமணி நின்னா
இதைவிட ஜாஸ்தி" என்பான் தௌசிப்.
திறந்த வெளிதானே என்பாள் மேகனா.
ஜோஷிக்கு ஒரு மாமா:
பீடியோடு எண்பத்தெட்டு வயது,
இன்றைக்கும் மாடிப்படி ஏறுகிறார்.
மாமி?
"மாமி பாவம், சீக்கிரமே போயிட்டாங்க.
என்னமோ நெஞ்சுல."
எல்லோரும் ஒரு நிமிடம் மாமிக்காக வருந்தினோம்.
பிறகு மாமாவின் கதை தொடர்ந்தது.

போன மாதம் அம்மா வாணியம்பாடியிலிருந்து வந்தாள்.
அழுக்குக் கூடையிலிருந்து துப்பட்டாவை எடுத்தவள்
மூக்கருகே கொண்டுபோய் அப்படியே நின்றாள்.
"யாருடி அவன்?"
யாருமில்லை.
"அப்போ நீயா?"
இல்லம்மா. பக்கத்தில் நின்றேன், அவ்வளவுதான்.
"பக்கத்துல நின்னதுதானா,
அப்பாடா."
நெஞ்சில் கைவைத்து உட்கார்ந்தாள்.
இரண்டு முறை ஊறவைத்து, மூன்று முறை அலசி,
அந்தத் துப்பட்டாவை
யாரும் பார்க்காத பக்கமாகக் காயப்போட்டாள்.

ஆண்டுப் பரிசோதனைப் படிவத்தில் இரண்டு கட்டம்.
பிடிப்பவர். பிடிக்காதவர்.
இரண்டாவதில் டிக் போட்டேன்.
எந்த அர்த்தத்தில் படித்தாலும் உண்மை.
நர்ஸ் பார்த்துவிட்டு, வெரி குட் என்றாள்.

நாகேந்திராவுக்கும் அந்தக் கட்டம்தான்.
ஆறு முறை சபரிமலை, வெற்றிலைகூடத் தொடாத வாய்.
பதினான்கு வருஷமாக இதே தார்ப்பாய்க்கடியில்
பாலைத் தூக்கி ஆற்றுகிறார்.
கொஞ்ச நாளாக வடிகட்டியைக் கீழே வைத்து
பின்பக்கம் திரும்பி இருமிவிட்டு வருவார்.
என்னாச்சு என்று கேட்டால்,
"சளி மேடம், பெங்களூர் சளி."
அவர் கன்னடத்தில் சொன்னது குளிரை.
என் காதில் விழுந்தது தமிழ்.

திங்கட்கிழமை கடையில் அவர் மச்சினன்.
டீயில் இஞ்சி இல்லை.
ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறதாம்,
நுரையீரலில் என்னமோ நிழலாம்,
ஸ்கேன் எடுக்கணுமாம்.
"நாகேந்திராவுக்கா?"
தௌசிப் சாம்பலைத் தட்ட மறந்து நின்றான்.
"அந்த மனுஷன் ஒரு நாள் தொட்டதில்லையே!"
ஆளுக்கு ஐநூறு போட்டோம்.
யாரும் கணக்குப் பார்க்கவில்லை.
ஜோஷி ஆயிரம் கொடுத்தான்.
மனசு கனத்துப்போய்
மேகனா இன்னொன்று வாங்கிப் பற்றவைத்தாள்.

பிரஜ்வல் லைட்டரை விட்டுவிட்டு,
அது சணலில் ஆடிக்கொண்டிருக்க,
குரலைத் தாழ்த்தி
ஜெர்மனி லிஸ்டைப் பற்றி ஏதோ ஆரம்பித்தார்.
தண்ணீர் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது.
சரியாகக் கேட்கவில்லை.

ஓரடி பக்கத்தில் போனேன்.