ஆளுக்கு நாலரை

நாலு கிலோ மணலுக்கே உடைந்தது.
பதினொன்று தாங்கும் என்று
அட்டையில் எழுதி ஒட்டியிருந்தோம்,
லிலேயின் அழகான கையெழுத்தில்.

குத்தாயிசி. பள்ளியின் விளையாட்டுக் கூடம்.
இரண்டு மேசைக்கு நடுவே
ஸ்பாகெட்டிக் குச்சிகளால் கட்டிய பாலம்.
முன்னூற்று நாற்பது குச்சி, ஆறு வாரம்.
முறிந்த சத்தம் பெரிதாக இல்லை,
யாரோ விரல் சொடுக்கியது போல.
பிறகு வாளி.
பிறகு மணல்.
பிறகு பக்கத்துக் குழுவின் கைதட்டல்.

எதேரி ஆசிரியை திட்டவில்லை.
ஒரு தாளை நீட்டினார்.
நாலு பேருக்கும் சேர்த்து நாற்பது,
கிடைத்தது இருபத்திரண்டு.
"போன பதினெட்டை
உங்களுக்குள் பிரித்து எழுதுங்கள்.
திங்கட்கிழமை வேண்டும்."
அப்புறம் துடைப்பத்தையும் நீட்டினார்.

ரொட்டிக் கடை வாசலில் நின்றோம் மூன்று பேர்.
மிரியான் இல்லை.
ஆகவே முதலில் எழுதிய பெயர் மிரியான்.
பசை காயும்வரை காவல் இருக்க வேண்டியவன்,
இரண்டு மாலை வரவில்லை.
அவன் அம்மா இத்தாலியில்
யாரோ ஒரு முதியவரைப் பார்த்துக்கொள்கிறார்.
அவன் தம்பியைப் பார்த்துக்கொள்கிறான்.
பாலத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை.
எங்களுக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும்
"பன்னிரண்டு போடு" என்றான் தோர்னிகே.
பாவம் ஓரிடம் பழி ஓரிடம்.
வராதவன் முதுகு எப்போதும் அகலம்.

லிலேதான் நியாயம் பேசினாள்.
"வேண்டாம். பதினெட்டை நாலால் வகு.
ஆளுக்கு நாலரை. முடிந்தது."
தோர்னிகே தலையாட்டினான்.
நான் ரொட்டியைக் கடித்தேன்,
நாக்கு சுட்டது.

ஏனென்றால்
புதன்கிழமை இரவு ஒன்பது மணிக்கு
எனக்கு மட்டும் கேட்டது:
இடப்பக்கம், மூன்றாவது இணைப்பு,
டிக்.
முழுப் பூசணிக்காய் இல்லை, ஒரு மயிரிழை.
அதை மறைக்கச் சோறு வேண்டாம்,
ஒரு தூரிகை வெள்ளை போதும்.
பூசினேன். விளக்கை அணைத்தேன்.
மழைக்கு முன் வீடு சேர வேண்டியிருந்தது.

அப்படிப்பட்டவளுக்கு நாலரை
சமம் இல்லை,
தள்ளுபடி.

சொன்னேன். எனக்கு ஒன்பது போடச் சொன்னேன்.
லிலே என்னைப் பார்க்கவில்லை,
ரியோனி ஆற்றைப் பார்த்தாள்.
அது ஒன்றுதான் அப்போது பேசிக்கொண்டிருந்தது.
கடைசியில் திரும்பி,
"ஒன்பதா? ஒரேயடியாக
நல்லவளாகப் பார்க்கிறாயா?
வாளியை வெடுக்கென்று மாட்டியது என் கை.
அதைக் கொடு இங்கே."
பேனாவைப் பிடுங்கினாள்.

தோர்னிகே வெகு நேரம் காலணியைப் பார்த்திருந்தான்.
"மெல்லிய குச்சி வாங்கினேன்.
இரண்டு லரி மிச்சம். சிப்ஸ் தின்றேன்."
என்ன சிப்ஸ் என்று லிலே கேட்டாள்.
ஏன் கேட்டாள் என்று இன்றுவரை தெரியாது.

மிரியான் வீடு ஏழாவது மாடி.
லிஃப்டுக்குக் காசு போட வேண்டும்.
ஒருவரிடமும் சில்லறை இல்லை, ஏறினோம்.
ஐந்தாவது மாடியில் மூச்சு வாங்கியபடி
அவனுக்கு இரண்டரை என்று முடிவு செய்தோம்.

தாளை வாங்கிப் படித்தான்,
தம்பி அவன் தோளில் தொங்க.
"இரண்டரை யார் கணக்கு?
வர முடியாதுதான். போன் செய்ய முடியாதா?
அதற்கு ஒரு அரை."
மூன்றாக்கி, அந்த அரையை
என் ஏழில் அடித்தான்.
நான் அவன் கையைப் பிடித்தேன்.
தாள் ஓரத்தில் கிழிந்தது.

ஆறரை எனக்கு. நாலு தோர்னிகேக்கு.
மூன்று மிரியானுக்கு.
லிலேக்கு வந்தது அதே நாலரைதான்,
ஆனால் வேறு நாலரை.

மிச்சக் குச்சி அரைப் பொட்டலம்
என் பையில் இருந்தது.
தம்பிக்குப் பசி. வேக வைத்தோம்.
முதல் வாயிலேயே அவன் முகம் கோணியது:
"உப்பு!"

"நான்தான்" என்றோம்
லிலேயும் நானும்
ஒரே நேரத்தில்.