வரிசையில் பதினேழாவது நபர்

டன்ஃபெர்ம்லைன், மூன்றாம் மாடி, காலை எட்டு.
ஹெட்செட்டின் பஞ்சில் நேற்றைய வேர்வை.
நான் பேசவேண்டியதை ஒரு தாளில் அடித்து
மேசையில் ஒட்டியிருக்கிறார்கள்:
உங்கள் பணம் உங்களுடையதுதான்.
இன்றைக்கு எடுக்க இயலாது, அவ்வளவே.

அவ்வளவே என்பது தாளில் இல்லை.
அதை நான் சேர்த்தேன்.

முதல் அழைப்பு ஸ்ட்ரான்ராரிலிருந்து.
இன்னிஸ் மெக்கெர்ரோ. கப்பல்துறையில்
இருபத்தாறு வருடம் கயிறு கட்டியவர்.
வரிசையில் பதினேழாவது என்றதாம் இயந்திரம்.
நாற்பது நிமிடம் அதே பியானோ.
"முப்பத்தோராயிரம் பவுண்டு, பெண்ணே.
ஜூனுக்குள் ஒரு வேன் வாங்கவேண்டும்,
இஷ்பெல்லின் சக்கர நாற்காலி ஏறுகிற வேன்."

வங்கி முக்கால் சதவீதம் தந்த காலத்தில்
பத்திரிகை அட்டையில்
கைகட்டி நின்றார் ருவரி டால்கிளிஷ்.
குறியீடு நடந்தபோது அவர் ஓடினார்.
குறியீடு விழுந்தபோது
கால்சட்டைத் தூசியைத் தட்டிக்கொண்டு நின்றார்.
எட்டு வருடம் அப்படி.
ஆளை நம்பித்தான் போட்டேன் என்கிறார் மெக்கெர்ரோ,
எல்லோரும் சொல்வதுபோல.

ஒன்பதாம் வருடம் கால் இடறியது.
விட்டதைப் பிடிக்க இன்னும் வேகமாக ஓடினார்.
கொட்டகையில் பேட்டரி செய்யும் கம்பெனி,
கடற்பாசியில் மருந்து எடுக்கப்போகிற கம்பெனி,
சந்தைப் பட்டியலில் பெயரே இல்லாதவை.
வாங்க ஒரு கையெழுத்து போதும்.
விற்க, வாங்குகிற ஒருவன் வேண்டும்.
அவன் வரவில்லை.

பந்திக்கு முந்தியவர்கள் பணம் கேட்டார்கள்.
விற்க முடிந்ததையெல்லாம் விற்றுக் கொடுத்தோம்.
சோப்பு, பீர், மின்சாரம், நல்ல நல்ல பங்குகள்.
பிந்தியவர் இலையில்
கடற்பாசி.

"ஏறும், இறங்கும். அது தெரியும் எனக்கு.
கடல் பார்க்காதவனா நான்?
ஏறி நிற்கும்போது ஏணியை உருவுவீர்கள் என்று
எந்தப் பக்கத்தில் போட்டிருந்தீர்கள்?"

முப்பத்தோராம் பக்கம், கடைசிப் பத்தி.
சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னேன்.
அந்தப் பக்கம் கெட்டில் கொதித்துத்
தானாக அணைந்தது கேட்டது.

"பூட்டிக் கிடக்கும்போதும் கட்டணம் உண்டா?"

இதற்குத் தாளில் பதில் இருக்கிறது:
நிர்வாகக் கட்டணம் வழக்கம்போல் தொடரும்.
சுண்டைக்காய் கால் பணம்,
சுமைகூலி முக்கால் பணம்,
அந்தச் சுண்டைக்காயும் இப்போது பூட்டிய அறையில்.
இதைச் சொல்லவில்லை. வழக்கம்போல் தொடரும் என்றேன்.

சிரித்தாரா இருமினாரா தெரியவில்லை.
பிறகு, குரலைத் தாழ்த்தி:
"நீ போட்டிருக்கிறாயா இதில்?"

மாதம் நாற்பது பவுண்டு.
ஊழியர் திட்டம், சம்பளத்தில் பிடித்தம், ஆறு வருடம்.
நல்ல வருடங்களில் மதிய இடைவேளையில்
கணக்கைத் திறந்து திறந்து பார்ப்பேன்,
அடுப்பில் வைத்த பாலைப் பார்ப்பதுபோல.
அப்போது யாரும் என்னைக் கேட்கவில்லை
ஏன் ஏறுகிறது என்று.
நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

தாளைப் பார்த்தேன். இதற்குப் பதில் இல்லை.
அழைப்புகள் பதிவு செய்யப்படுகின்றன.
பயிற்சிக்காக.

என் மௌனம் எவ்வளவு நீளமென்று
அந்தப் பதிவில் இருக்கும்.

"சரி, சரி," என்றார்.
"ஸ்காட்லாந்து முழுக்க மழையாம் இன்று.
குடை எடுத்துப் போ."

வைத்துவிட்டார்.

திரை கேட்கிறது, அழைப்பின் வகை என்ன?
முகவரி மாற்றம். புகார். பொது விசாரணை.
பொது விசாரணையை அழுத்தினேன்.
பச்சை விளக்கு.
அபர்டீனிலிருந்து ஒரு பல் மருத்துவர்,
முந்தைய எண்ணிக்கையில் பதினெட்டு.