இடப்பக்கம்

ஒரே கட்டிலில் மூன்று வருடம் தூங்கினோம்,
நானும் அவனும்.
முகம் பார்த்துக்கொண்டது சில தடவைதான்.

பிராட்ஃபோர்டில், லம் லேனுக்குப் பின்னால்,
பன்னிரண்டு பேருக்கு ஆறு கட்டில் போட்ட வீடு.
எனக்குக் கம்பளி சீவும் ஆலையில் இரவு ஷிப்ட்.
அவனுக்கு வேறோர் ஆலையில் பகல் ஷிப்ட், நூற்பு.
நான் திரும்புமுன் அவன் கிளம்பியிருப்பான்.
அவன் திரும்புமுன் நான்.
ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு ஓவர்டைம்.
கட்டிலுக்கு எல்லா நாளும்.

பெயர் விலாயத்.
எங்கள் பேச்சில் அதற்குச் சீமை என்று பொருள்.
கப்பல் கொதிகலனுக்குக் கரி தள்ளிய அப்பன் வைத்தது.
அவர் சீமையைத்
துறைமுகத்துக்கு உள்ளே வந்து பார்த்ததில்லை.

எனக்கு அவன் முகத்தைவிட
அவன் பள்ளம்தான் பழக்கம்:
மெத்தையின் இடப்பக்கம், சுவரோரம்,
முழங்கால் மடக்கிய அளவுக்கு.
தலையணையில் கடுகெண்ணெய்.
முதல் நரைமுடி உதிர்ந்த வாரம்
அவனுக்கு முன்பே எனக்குத் தெரியும்.
போர்வைக்குள் விட்டுப்போன சூடு
கால்மணி நேரம் தாங்கும்.
அதற்குள் தூங்கிவிட வேண்டும்.

தலையணைக்கடியில் ஒரு ஷில்லிங் வைத்துப் போவான்,
கேஸ் மீட்டருக்கு.
நானும் வைப்பேன்.
கணக்குப் பார்த்ததில்லை என்றால் அது பொய்.
நான்கு ஷில்லிங் நான் பாக்கி.

ரெண்டு வருடம், வீடு கட்டுகிற பணம், அப்புறம் ஊர்.
எல்லாரும் இதையே சொல்லித்தான் வந்தோம்.
அறுபத்திரண்டில் கதவைச் சாத்தப்போகிறார்கள் என்றதும்
தம்பி வந்தான், மைத்துனன் வந்தான்,
மைத்துனன் என்று சொல்லிக்கொண்டு
யாரோ ஒருவனும் வந்தான்.
போனால் மறுபடி விடமாட்டார்கள் என்பதால்
போகாமல் இருந்தோம்.
பூட்டுப் போட்டவர்களுக்கு
நாங்கள் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று
கவனிக்கத் தோன்றவில்லை.

அறுபத்தேழில் அவன் பேருக்கு ஒரு கடிதம்.
வீட்டில் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்.
மங்ளாவில் அணை முடிந்துவிட்டது,
தண்ணீர் ஏறுகிறது,
அப்பா கபர் இருந்த மேடு போன வெள்ளிக்கிழமை மூழ்கியது,
இழப்பீட்டுத் தாளுக்கு உன் கைநாட்டு வேண்டும்.

தலையணைக்கடியில் வைத்தேன்.
மறுநாள் ஷில்லிங்கோடு அது அங்கேயே இருந்தது,
என் பக்கமாக நகர்த்தி.

வயிற்றுவலி என்று ஃபோர்மனிடம் பொய் சொல்லி,
ஒன்றரை மணிக் கூலியை விட்டு,
பனியில் நடந்து ஐந்து மணிக்கு வந்து
அவனை எழுப்பினேன்.
கீழே மற்றவர்கள் தேநீர் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தார்கள்.
படித்தேன். இரண்டாம் தடவையும் படித்தேன்.
"மணி என்ன?" என்றான்.
அஞ்சேகால்.
ஷூ கயிற்றைக் கட்டினான். கதவருகே நின்றான்.
"எவ்வளவு ஆழம்னு எழுதியிருக்காங்களா?"
இல்லை.
"சரி" என்றான்.
நான் படுத்தபோது
சூடு இன்னும் முழுசாக இருந்தது.
அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

அடுத்த வருடம் ஒரு காலை
மெத்தை சில்லென்று கிடந்தது.
நார்வேயில் ஆள் எடுக்கிறார்களாம்,
விசாகூடக் கேட்பதில்லையாம்,
போய்விட்டான் என்றார்கள்.
தலையணைக்கடியில் ஒரு ஷில்லிங்.
வைத்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன்.
மீட்டரில் போட்டேன். குளிர் அப்படி.
ஆக, ஐந்து பாக்கி.

எழுபத்திரண்டில் ரேஷம் ஜான் வந்தாள்,
இரண்டு பெட்டி, ஒரு மகன்,
பார்த்தவுடன் எனக்கு அடையாளம் தெரியாத மகன்.
சொந்த வீடு, புதுக் கட்டில், ரசீதோடு வாங்கியது.
முதல் இரவு அவள் போய் சுவரோரம் படுத்தாள்.
அரைத்தூக்கத்தில் சொல்லியிருக்கிறேன்:
"அங்கே வேண்டாம், ஆள் இருக்கிறது."

அவள் எழுந்து விளக்கைப் போட்டாள்.
போர்வையை உதறிப் பார்த்தாள்.
கட்டிலுக்கடியிலும் குனிந்து பார்த்தாள்.