கரை தாண்டிக் குடித்தது

எத்திராஜ் பதினோரு வருஷம் கப்பலில் மது ஊற்றியவர்.
இப்போது பாபுராவ் தெருவில் டீ ஊற்றுகிறார்.
மாதம் பிறந்து பத்துத் தேதிக்குள்
பில் புத்தகத்தை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு
சத்துவாச்சாரிக்கு வந்து, என் மேசைக்கு எதிரே
காலை அகட்டி உட்காருவார்.
தரை இன்னும் ஆடுமாம்.

வரி என்றால் முகம் சுளிக்கிறவர்களைத்தான் எனக்குத் தெரியும்.
இவர் அதை ரசிக்கிறவர்.

"கப்பல் துறையில நிக்கிற வரைக்கும் மேடம்,
கிளாசுக்குக் கிளாஸ் வரி. அந்த ஊர் சர்க்காருக்கு.
கரைய விட்டு இத்தனை மைலுன்னு ஒரு கணக்கு,
அதத் தாண்டிட்டா பைசா கெடையாது.
ஏழு நாள் பேக்கேஜ் எடுத்தவனுக்கும்
மொத நாளுக்குன்னு தனியா ஒரு சீட்டு வரும்.
ஆயிரக்கணக்குல டாலர் கொட்டி வந்தவன்
அந்தச் சீட்டுக்குச் சண்ட போடுவான்.
ஒரு பெருசு, பேக்கேஜே எடுக்கல,
கம்பியப் புடிச்சிக்கினு, வாய் வறண்டு போய்,
கரை போச்சா, கரை போச்சான்னு
என்னையே கேட்டுக்கினு நிக்கும்."

கடலில் அந்தக் கோடு எங்கே இருக்கும் என்றேன்.

"கயிறா கட்டியிருக்கும்? நான் பாத்ததே இல்ல.
பார்ல இருக்கிற மெஷினுக்குத் தெரியும்.
திடீர்னு பில்லுல ஒரு வரி கொறையும்.
ஓ, தாண்டிட்டோம்னு நெனச்சிக்குவோம்."

அந்தப் பழக்கத்தில் வந்ததுதான் அட்டை.
ஆஸ்பத்திரிக்கு நோயாளியைக் கொண்டுவந்துவிட்டு
லாட்ஜில் நாள் எண்ணுகிறவர்களுக்கு
பத்து நாள் பேக்கேஜ். டீ, பால், சுக்குக் காபி,
எத்தனை தடவை வேண்டுமானாலும்.
நானூறு ரூபாய். வரி இருபது.
பத்துக் கட்டம், நாளுக்கு ஒரு துளை.
துளை போடும் கருவி கப்பலிலிருந்து வந்தது,
நங்கூர வடிவில் வெட்டும்.
பின்பக்கம் வங்காளத்திலும் அச்சடித்திருந்தார்.
அதில் எழுத்துப் பிழை என்று யாரோ சொல்ல
முன்னூறு அட்டையையும் பேனாவால் திருத்தினார்.

"இங்க எத்தினி மைல் வரைக்கும் வரி மேடம்?"
"பாலாறு முழுக்க மணலுதான். எங்க போனாலும் கரை. கட்டுங்க."
இருவரும் சிரித்தோம். அது ஆனியில்.

ஆவணியில் ஒரு நாள், தேதி நாலுகூட ஆகவில்லை,
வந்துவிட்டார். மஞ்சள் பை இல்லை.
சட்டைப் பையில் ஒரே ஓர் அட்டை.

ஹீரேன் மைத்தி. மேதினிப்பூர்.
தம்பிக்குச் சிறுநீரகம்.
நான்காம் நாள் விடிகாலை, பாய்லர் பற்றவைக்கும்போதே
கடை வாசலில் நின்றிருக்கிறார்.
இந்தியில் ஒரே சொல். எத்திராஜுக்கு அது போதும்.
பெரிய கிளாசில் டீ கொடுத்தார். குடித்தார்.
இன்னொன்று கொடுத்தார். அதையும் குடித்தார்.
பிறகு அட்டையை நீட்டினாராம்,
வேறு யாருக்காவது ஆகட்டும் என்று.

"எவ்ளோ திருப்பிக் கொடுத்தீங்க?"
"இருநூத்தித் தொண்ணூத்தி நாலு. வாங்கவே மாட்டேன்னாரு."

கணக்குப் பார்க்கிறவளின் வாய் சும்மா இருக்காது.
நாலாம் நாளும் குடிச்சிருக்காரே. பாக்கி ஆறு நாள்தான்.
இருநூத்தி நாப்பது, வரி பன்னெண்டு.
நீங்க ஏழு நாளுக்குக் கொடுத்திருக்கீங்க.

எத்திராஜ் ஜன்னலைப் பார்த்தார்.
அதில் எதிர்வீட்டின் கறுப்புத் தண்ணீர்த் தொட்டியும்
ஒரு காக்கையும்தான்.

"அந்த டீ," என்றார்,
"கரை தாண்டிக் குடிச்சது மேடம்."

திருப்பிக் கொடுத்ததற்குக் காரணம் கேட்டது கணினி.
சரக்கு திரும்பியது. சேவையில் குறை. பில்லில் பிழை.
'மற்றவை' எப்போதும் அடியில் இருக்கும்,
இழுத்துப் போய்த்தான் தொட வேண்டும்.
நாட்கள் என்ற இடத்தில் ஏழு என்று அடித்தேன்.

கோப்பில் வைக்க அட்டையைத் தூக்கியபோது
குழல் விளக்கு அதன் வழியே மேசையில் விழுந்தது.
மூன்று சின்ன நங்கூரங்கள்.
நான்காம் கட்டம் இருந்த இடத்தில்
நிழல்.