பிழைதிருத்தம்

தேம்ஸ் உறையாமல் ஏமாற்றிய குளிர்காலம் அது.
ராஜாவின் தலை விழுந்து ஐந்தாண்டு.
செங்கோல் இருந்த இடத்துக்கு வாள் வந்திருந்தது.
வாப்பிங் கடைகளில் ரொட்டி மட்டும்
வாரத்துக்கு வாரம் இளைத்தது.

நான் உர்சுலா.
கணவன் விட்டுப்போனவை
ஓர் அச்சுப்பொறி, அவனுடைய கடன், அவனுடைய இருமல்.
ஈய எழுத்துகளை வலமிருந்து இடமாகப் படிப்பேன்,
பாதிரி நேராகப் படிப்பதைவிட வேகமாக.

டாமரிஸ் ஹெப்டனுக்கு வாக்கு வந்தது
கப்பல்பாய் தைக்கும்போது.
படுக்கையில் அல்ல. மூர்ச்சையில் அல்ல.
கண் எங்கோ நிலைகுத்தி நிற்கும்,
ஊசி நிற்காது.
தையலுக்கு ஒரு சொல்
கித்தானைத் துளைத்து மறுபக்கம் வரும்.

கொம்பு முளைத்த மிருகம் வந்தது.
எரிகிற சக்கரம் வந்தது.
வைட்ஹால் கூரையில் குந்திய கழுகு
பிரபுக்களின் பெயரை ஒவ்வொன்றாகக் கக்கியது.
நடுவில், குரலை உயர்த்தாமல், இப்படி:

"கடலில் செத்தவனின் மனைவிக்குக்
கூலி தராமல் சீட்டுத் தந்தீர்கள்.
சீட்டை உலையில் போட்டேன்.
நாற்பத்தொரு நாளாகக் கொதிக்கிறது,
இன்னும் வேகவில்லை,
என்று கர்த்தர் சொல்லுகிறார்."

அண்ணன் எஃப்ராயிம் எழுதி எடுத்தான்.
முன்னுரையும் அவனே வைத்தான்:
இவள் எழுத்தறியாப் பேதை,
வெறும் மண்பாண்டம், நிரப்பியவர் வேறு.
நான் அதையும் கோத்தேன்.
அந்த வரிக்குக் குனியாமல்
எந்தப் பெண்ணின் தாளும் என் கொடியில் காய்ந்ததில்லை.
மெய்ப்பு அவளிடம் போய்த் திரும்பியது.
எழுத்தறியாதவள்
என் பிழை ஒவ்வொன்றையும்
ஊசியால் குத்திக் காட்டியிருந்தாள்.
பதினேழு ஓட்டை.

நாற்பது பிரதிகூட விற்றிருக்காது.
அதற்குள் நீதிபதியின் காதில்
காய்ச்சிய ஈயம் விழுந்தாயிற்று.
"அந்தச் சீட்டைப் பற்றிச் சொன்னது யார்?"
கர்த்தர் என்றால் பைத்தியம்.
நான் என்றால் துரோகம்.
இரண்டு கதவுக்கும் ஒரே பூட்டு,
சாவி அவர் இடுப்பில்.
"கர்த்தர்" என்றாள் டாமரிஸ்.
சிரித்தார்கள்.
சணல் அடிக்கச் சொல்லி பிரைட்வெல்லுக்கு அனுப்பினார்கள்.

ஞாயிறன்று ஒரு ஹெர்ரிங் மீனைத் துணியில் சுற்றிப் போனேன்.
அவள் உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்திருந்தன.
மீனைப் பிய்த்துக்கொண்டே சொன்னாள்:

"மிருகம் வந்தது நிஜம், உர்சுலா.
சக்கரத்தையும் கண்டேன், சத்தியம்.
சீட்டைச் சொன்னபோது மட்டும்
நன்றாக விழித்திருந்தேன்.
அந்த நாற்பத்தொன்று
நான் எண்ணியது.
அவர் எண்ணவில்லை."

பிறகு முள்ளைச் சப்பினாள்,
வேறொன்றும் பேசாமல்.

அச்சு இருக்கும் வீட்டில் அச்சமும் குடியிருக்கும்.
இரண்டு இரவு நான் பொறியைத் தொடவில்லை.
கதவு தட்டும் காற்றுக்கெல்லாம்
எழுந்து உட்கார்ந்தேன்.
மூன்றாம் இரவு, இரண்டாம் பதிப்பின் கடைசித் தாளில்,
அடியில் ஒரு கட்டைவிரல் அகலம் வெறுமை கிடந்தது.
இருப்பதிலேயே சிறிய எழுத்தாகப் பொறுக்கினேன்:

பக்கம் பதினொன்று, கடைசி வரி.
'கர்த்தர் சொல்லுகிறார்' என்பதை
'நான் சொல்லுகிறேன்' என்று திருத்தி வாசிக்கவும்.

எங்கள் மொழியில் 'நான்' ஒற்றை எழுத்து,
நிமிர்ந்து நிற்கும் ஒரு கோடு.
பெட்டியில் அதன் அண்டை அயலெல்லாம்
முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடக்கும்,
தாளில் விழுந்த பிறகே நேராகும்.
இதற்கு அந்த வேலை இல்லை.
ஈயத்திலும் இதுதான். தாளிலும் இதுதான்.
இருபது வருடம் கையில் எடுத்திருக்கிறேன்,
அன்றுதான் பார்த்தேன்.

பிழைதிருத்தம் வரை படிக்க
எந்த நீதிபதிக்கும் பொறுமையில்லை.
இருக்கலாம். இல்லாமலும் போகலாம்.

வியாழக்கிழமை மூன்று பெண்கள் வந்தார்கள்,
ராட்கிளிஃப் பக்கம், உப்பேறிய பாவாடைகள்.
ஆளுக்குக் கால் பென்னி கூட்டி ஒரு பிரதி வாங்கினார்கள்.
ஒருத்தி மார்புக்குள்ளிருந்து சீட்டை எடுத்து
அடையாளத்துக்கு வைத்துக்கொண்டாள்.
வாசல்படியிலேயே உட்கார்ந்து
பின்பக்கத்திலிருந்து புரட்டத் தொடங்கினார்கள்.