விடுபட்ட அடி

அட்டன் கோர்ட்டில் நான் மொழிபெயர்ப்பவன்.
துண்டில்லாமல் தோட்டத்தை விட்டு ஓடியது
சடையாயி மேல் வழக்கு.
பிடிபட்டபோது பாடினாளாம்,
அதையும் எழுதியிருந்தார்கள்.

‘என்ன பாட்டு?’ என்றார் துரை.
தோணி என்றேன். மன்னார் மணல் என்றேன்.
வழியில் புதைத்த பிள்ளைக்கு
ஒரு கல் வைக்கவும் நிற்கவிடாத
கங்காணி என்றேன்.
எழுதிக்கொண்டிருந்த பேனா
கொஞ்சம் நின்றது.

துரை அயர்லாந்துக்காரர்.
முந்தாநாள் அடைமழையில் கடுதாசி கொண்டுபோனபோது
விறாந்தையில் விஸ்கியோடு பாடிக்கொண்டிருந்தார்:
குத்தகைப் பாக்கிக்குக் குடிசையை இடித்தவனின்
வைக்கோற்போரைக் கொளுத்திய ஒருவன்,
விலங்கு, கப்பல்,
ஏழு வருஷம்.
‘அம்மாவின் பெரியப்பா’ என்றார்
நான் கேட்காமலே,
விளக்கைத் தணித்துக்கொண்டு.

சடையாயிக்கு ஒரு மாதம்.
அதை நான்தான் தமிழில் சொன்னேன்.
பயப்படவில்லை அவள். கேட்டாள்:
‘கடைசி அடியச் சொன்னீங்களா சாமி?’

சொல்லவில்லை.
கப்பலேத்துனவன் வம்சம்
கரை காணாமப் போக, என்று
ஒரு சாபம் அது.
யார் தலையில் விழும் என்று
நான் யோசித்து முடிப்பதற்குள்
அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள்.