முந்நூறு சொல்லுக்குக் குறையாமல்

பெயருக்கு இருபது கட்டம்.
அப்பா பெயர் பாதியில் நின்றுவிட்டது.

மரபுக் கட்டடப் பராமரிப்பு,
பட்ட மேற்படிப்புச் சான்றிதழ், ஓராண்டு, சனி ஞாயிறு.
ஏன் சேர விரும்புகிறீர்கள்?

பட்டர்வொர்த் படகில் மடிக்கணினியைத் திறந்து
'சிறு வயதிலிருந்தே' என்று தொடங்கினேன்.
பொய். அழித்தேன்.
சிறு வயதில் பழைய வீடென்றால் எனக்கு எலி.

ஒன்பது வருடமாய் கோர் கம்பெனியில்
இடிப்பதற்கு விலை போடுகிறேன்.
செங்கல் லாரிக்கு இத்தனை ரிங்கிட்,
ஓடு தனி, மரம் தனி.

போன மழைக்கு லெபோ பசாரில் ஒரு கடைவீடு,
உப்புப் பூத்த சுவர்.
சிமெண்டு பூசச் சொன்னது நான்தான்.
நான்கு மாதம் வழுவழுவென்று இருந்தது.
ஒரு செவ்வாய்க்கிழமை
பூச்சு அப்படியே பலகையாய்க் கழன்று
அஞ்சடியில் விழுந்தது.
ஆளில்லை. ஒரு மோட்டார் சைக்கிள்.
உள்ளே செங்கல், விரலால் தோண்டினால் ஈர மாவு.

நோக்கம் என்று கேட்டால் அந்த மாவு.
சுண்ணாம்பென்றால் ஈரத்தை வெளியே விட்டிருக்குமாம்.
யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இதையேதான் எழுதினேன். நூற்றுப் பன்னிரண்டு சொல்.
போதாது என்கிறது சிவப்பெழுத்து.

முதலாளியின் பரிந்துரைக் கடிதம் ஒரே வரி:
'குணவதியின் கணக்கு தப்பாது.'
மோட்டார் சைக்கிளுக்கு யார் பணம் கட்டியது என்று
அதில் இல்லை.

செங்கல்லின் அளவு, விழுந்த பூச்சின் கனம்,
வண்டி எண் எல்லாம் சேர்த்தேன்.
முந்நூற்று மூன்று.

படகு துறையில் முட்டியது.
அனுப்பும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது.
இறங்குகிறவர்கள்
என்னை இடித்துக்கொண்டு போகிறார்கள்.